மேகம் இறங்கினால் விமானியை அவசரப்படுத்தாதீர்கள்

நீலகிரியின் பிக்கட்டியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இது பழக்கம். காலையில் எதிர்மலை பளிச்சென்று தெரியும். வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து மூட்டம் கிளம்பும். கூடையைச் சரிசெய்து நிமிர்வதற்குள் அடுத்த வரிசையில் நின்றவர் மறைந்துவிடுவார். கீழ்நாட்டு ஈரக்காற்று சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகிறது. தரையில் நிற்பவருக்கு அது மூட்டம். ஹெலிகாப்டரில் வருபவருக்கு உயிருக்கே ஆபத்து.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், 12.15க்கு நீலகிரியிலுள்ள வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் காலமானார். ஹெலிகாப்டரில் வந்த 14 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இயந்திரக் கோளாறோ சதியோ இல்லை என்றது முப்படை விசாரணை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானி திசையுணர்வை இழந்தார். நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. இரண்டு இன்ஜின், தேர்ந்த விமானப்படைக் குழு எல்லாம் இருந்தும்தான் இது நடந்தது. நம் உடல் சமநிலையை அறிவது முக்கியமாகக் கண்ணாலும் உட்காதிலுள்ள திரவத்தாலும். அடிவானம் மறைந்தால் காதையே பெரிதும் நம்ப வேண்டும். அதுவோ மெதுவான திருப்பத்தை உணராது. சாய்ந்து பறக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே உடல் சொல்லும். சமவெளி என்றால் சுதாரிக்க நேரம் கிடைக்கலாம். மலையில் அந்த அவகாசம் சில நொடிகள்தான்.

2022 அக்டோபரில் கேதார்நாத் யாத்திரை ஹெலிகாப்டர் நொறுங்கியபோது இறந்த 7 பேரில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. எனவே மலையில் பறக்கும் ஆபத்து ராணுவத்தோடு நிற்கும் விஷயம் அல்ல.

வாடகை விமானமோ ஹெலிகாப்டரோ பிடிப்பவர்கள், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி அந்த நிறுவனத்துக்கு உண்டா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். உங்கள் எடையையும் பெட்டியின் எடையையும் உள்ளபடி சொல்லுங்கள். உயரத்தில் காற்று மெலிந்து இறக்கையின் தெம்பு குறையும், கூடுதல் ஒவ்வொரு கிலோவும் அதற்குச் சுமை. விமானி சைகை காட்டாமல் ஹெலிகாப்டரை நெருங்காதீர்கள். வால்பக்கம் போகவே போகாதீர்கள். சரிவில் நின்றால் தாழ்வான பக்கத்திலிருந்து வாருங்கள். மேட்டுப் பக்கம் இறக்கை தலைமட்டத்தில் சுழலும். சால்வையை இறுக்கிப் பிடியுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, முகூர்த்தம் தவறுகிறது, தரிசன நேரம் போகிறது என்று விமானியை நெருக்காமல் இருப்பது. "இன்று முடியாது" என்று சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும். பணம் கட்டிய நாம் அதைக் கெடுத்துவிடுகிறோம். 2024 நவம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கோவை வந்தபோது மலையில் வானிலை சரியில்லை. ஹெலிகாப்டரை விட்டுவிட்டுக் காரிலேயே ஊட்டி ஏறினார். மறுநாள் வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் பேசினார்.