சுண்டுவிரல் காளானுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா?

ஐரோப்பியக் காடுகளில் இலையுதிர்காலம் வந்துவிட்டால், அனுமன் கையிலுள்ள கதாயுதத்தைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கி நட்டுவைத்தாற்போல், குடையே இல்லாத குட்டிக் காளான்கள் தலைகாட்டும்! எது எந்த இனம்? வெடுக்கென்று பிடுங்கிவிடாதீர்கள். விடை அடியில்தான் இருக்கிறது!

● ஆரஞ்சு நிறமா? மெல்லத் தோண்டிப் பாருங்கள். மண்ணுக்குள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு கிடக்கும்! இதுதான் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ். பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து, அதைக் கொன்று, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. தலைப்பகுதி புள்ளி புள்ளியாகச் சொரசொரவென்று இருக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் வித்துகள் வெளியேறும் வாய்! 1753-லேயே லின்னேயஸ் இதற்கு ‘மிலிட்டாரிஸ்’ என்று பெயர் சூட்டிவிட்டார்.

● காளானைத் தின்னும் காளான் தெரியுமா? டோலிபோகிளேடியம் ஓஃபியோகுளோசாய்டஸ்! கருத்த தலை, அடியில் பளீரென மஞ்சள் இழைகள். அந்த இழைகளைப் பின்தொடர்ந்து தோண்டினால், எலஃபோமைசெஸ் என்ற நிலத்தடிக் காளானின் உருண்டை அகப்படும். இதற்கு இரை அதுதான்!

● இதே குடும்பம் உயிர்காக்கும் மருந்தும் தந்திருக்கிறது! மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் கிடைத்த டோலிபோகிளேடியம் இன்ஃப்ளேட்டம் பூஞ்சையிலிருந்து வந்தது. வண்டுப் புழுவின் உடலில் முளைக்கும் ஒரு பூஞ்சையும் இதுவும் ஒன்றே என்பது 1996-ல்தான் வெளியானது!

● பீச் மரத்தின் பட்டுப்போன அடிக்கட்டையில் கன்னங்கரிய விரல்களா? அது சைலேரியா பாலிமார்ஃபா. ஆங்கிலேயர்கள் இதைப் ‘பிணத்தின் விரல்கள்’ என்கிறார்கள். குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேர்! வசந்தத்தில் இதே காளான் சாம்பல் பூத்து, வெளுத்த நுனியோடு வேறு இனம் போலவே நிற்கும்.

● கறுப்புதான், ஆனால் பாசி படர்ந்த மண்ணில் நிற்கிறதா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடல் முழுக்கக் கறுப்பு முடிகள் சிலிர்த்து நின்றால், அது ட்ரைகோகுளோசம்!

● மஞ்சள் குச்சியா? செத்த மரத்தில் முளைத்து, வழவழப்பாக வளைந்து கொடுத்தால் கேலோசெரா. மண்ணில் முளைத்து, தொட்டதும் பட்டென ஒடிந்தால் கிளாவுலினாப்சிஸ் வகையாக இருக்கலாம்!

ஆகவே, படம் எடுக்கும்போது காளானின் அடியையும் சேர்த்தே எடுங்கள். புழுவா, உருண்டையா, கட்டையா, வெறும் மண்ணா? அந்த ஒரு குறிப்பே பாதிப் பெயரைச் சொல்லிவிடும்!