பாடும் ரவுட்டர்

வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்ட இந்நாளில், சிறு விளக்குகள் மினுமினுக்கச் சுவரிலே அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியை நாம் அனைவரும் அறிவோம். புதிய பெட்டி வந்ததும் பழையது பரணுக்குப் போய்விடும். அந்தப் பழைய பெட்டியைப் பாட வைக்கலாம் என்று கூறினால் தோழியர் நகைப்பீர்கள். எங்கள் வீட்டிலும் முதலில் நகைக்கத்தான் செய்தார்கள்.

ரவுட்டர் என்பது உண்மையில் திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணிப்பொறியே. இதை உலகம் அறிந்துகொண்ட கதை சுவையானது. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுள் லினக்ஸ் இயங்குகிறது என்பதை 2003-இல் ஆர்வலர் சிலர் கண்டுபிடித்தனர். லினக்ஸை யாரும் விலையின்றி எடுத்தாளலாம். ஆனால் அதைத் தம் பொருளில் வைத்து விற்பவர், வாங்கியவருக்கு அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. அந்த நிபந்தனையைச் சுட்டிப் பலரும் கேட்கவே, நிறுவனம் அவ்வாண்டே மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்னும் திறந்த மென்பொருள் பிறந்தது. பெயரின் பிற்பகுதி அந்தப் பழைய ரவுட்டரின் பெயர்தான்! இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களிலும் அதை ஏற்றலாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். ரவுட்டரில் ஒலி எழுப்பும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே யு.எஸ்.பி. துளை உள்ள பெட்டியாகத் தேர்ந்து, அதில் விரலளவே உள்ள ஒலிக்கருவி ஒன்றைச் செருகி, அதிலிருந்து ஸ்பீக்கருக்குக் கம்பி இழுக்க வேண்டும். பின்னர் மியூசிக் பிளேயர் டீமன் என்னும் நிரலை ஏற்றினால், அது இணைய வானொலியையோ வீட்டுக் கணிப்பொறியில் உள்ள பாடல்களையோ வாங்கிப் பாடும்.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். குறுந்தட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளாக, இடம் வலம் என இரு தடங்களில் எழுதுகிறார்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள். எம்.பி.3 முறையில் இதை 1,28,000 பிட்டுகளாகச் சுருக்கலாம். அப்படிச் சுருக்கினாலும் ஐந்து நிமிடப் பாடல் 48 இலட்சம் பைட்டுகள் ஆகிவிடுகிறது. முற்கால ரவுட்டர்கள் பலவற்றின் நிலையான நினைவகமோ 4 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 42 இலட்சம் பைட்டுகளே. ஒரே ஒரு பாடலைக்கூடத் தன்னுள் வைத்துக்கொள்ள இயலாத பெட்டி நாளெல்லாம் பாடுகிறது! பாடலை அது சேமிப்பதில்லை. சிறிது வாங்கி, விரித்து, ஒலியாக்கி, உடனே மறந்துவிடுகிறது.

மற்றொரு வியப்பும் உண்டு. எம்.பி.3-ஐ விரிக்கத் தசமப் புள்ளிக் கணக்குகள் ஏராளம் வேண்டும். இத்தகைய மலிவான பெட்டிகளின் செயலிகளில் பெரும்பாலும் அதற்கென்று தனிப் பகுதி கிடையாது. எனவே முழு எண்களைக் கொண்டே அத்தனையும் கணக்கிடும் மேட் என்னும் நிரல் கைகொடுக்கிறது. ரூபாயைப் பைசாவாக்கிக் கூட்டினால் புள்ளியே வேண்டாமல்லவா? அதே உபாயந்தான். கணக்குப் பாடத்தை நாங்கள் சற்று மரியாதையுடன் பார்க்கத் தொடங்கியது இதற்குப் பின்னரே.

எங்களுக்கு, அதாவது அக்கா தங்கை இருவருக்கும், இதில் இறங்கக் காரணம் அம்மாச்சிதான். அவருடைய டிரான்சிஸ்டர் பழுதாகி இரண்டாண்டு ஆயிற்று. கைப்பேசியின் கண்ணாடித்திரை அவர் விரலுக்கு இணங்குவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் பாட்டு இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை.

பரணிலிருந்த ரவுட்டரின் மாதிரி எண்ணைப் பலமுறை சரிபார்த்தோம். வேறு மாதிரிக்குரிய மென்பொருளை ஏற்றினால் பெட்டி வெறும் செங்கல்லாகிவிடும். இன்றைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 மெகாபைட் நிலை நினைவகமும் 64 மெகாபைட் செயல் நினைவகமும் வேண்டும். எங்கள் பெட்டியில் அவை இருந்தன. மென்பொருள் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது! மீண்டும் வந்தபோது ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அப்பா பார்த்துவிட்டு, "பிழைச்சா பாடட்டும், இல்லைன்னா பழைய இரும்புக்காரர்கிட்ட போகட்டும்" என்றார். தங்கை அழுதேவிட்டாள்.

நல்ல வேளையாக, பல ரவுட்டர்களில் முதன்முதலில் விழித்தெழும் சிறு நிரல் தனியிடத்தில் பத்திரமாக இருக்கும். மின்சாரம் கொடுத்தவுடன் சில நொடிகள் அது காத்திருக்கும். அந்த வேளையில் கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே மென்பொருளை மறுபடி அனுப்பலாம். மூன்று முறை நாங்கள் பிந்திவிட்டோம். நான்காம் முறை எல்லா விளக்குகளும் எரிந்தன.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதற்கு என்ன வேலை என்பதை இம்மென்பொருளில் நாமே எழுதிவைக்கலாம். அழுத்தினால் வானொலி பாட வேண்டும், மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும் என்று எழுதினோம். அம்மாச்சி அழுத்தினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "இது பாடுமாடி?" என்று அவர் எங்களைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது.

இப்போது விடியற்காலையிலேயே எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கிறது. எங்கள் உறக்கம் போயிற்று. பொத்தானை இருமுறை அழுத்தினால் வேறு நிலையம் வருமா என்று அம்மாச்சி நேற்றுக் கேட்டார். அதற்கான கட்டளையை இன்னும் எழுதவில்லை. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.