சேரும் நாளில் நீட்டப்படும் தாள்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் வேலை கிடைத்திருக்கிறது, சேரும்போது என்னென்ன காகிதம் கொண்டுபோகணும் என்று கேட்டு வருஷத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டதால் இந்தக் குறிப்பு. ஜே-1 விசாவில், ஆராய்ச்சியாளராக, இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கேட்பவர்களுக்கெல்லாம் பயம் ஐ-9 படிவத்தின் மேல்தான். என்னைக் கேட்டால் அது சாதுவான படிவம். அது சத்தம் போட்டுக்கொண்டு வரும், தேதி தவறினால் அலுவலகமே உங்களைத் துரத்திப் பிடித்து நிரப்ப வைக்கும். கவனிக்க வேண்டியவை, யாரும் துரத்தாத தாள்கள். இருந்தாலும் ஐ-9-லிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1986 நவம்பர் 6 அன்று ரேகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது இந்தப் படிவம். அதற்குப் பிறகு அந்த நாட்டில் சம்பளத்துக்குச் சேர்ந்த எல்லோரும் இதை நிரப்ப வேண்டும். நோபல் வாங்கிய பேராசிரியர் புதிதாக வந்து சேர்ந்தாலும் சரி, கேன்டீனில் தட்டு கழுவும் மாணவன் சேர்ந்தாலும் சரி. நீங்கள் நிரப்பும் முதல் பகுதியை, வேலையில் சேரும் நாளுக்குள் முடிக்கணும். அலுவலகம் உங்கள் ஆவணங்களைப் பார்த்து நிரப்பும் இரண்டாம் பகுதிக்கு, அதற்கப்புறம் மூன்று வேலை நாள். திங்கட்கிழமை சேர்ந்தால் வியாழன் கெடு.

ஆவணங்கள் ஏ, பி, சி என்று மூன்று பட்டியலாக இருக்கும். ஏ-யில் ஒன்று போதும். இல்லையென்றால் பி-யில் ஒன்று, சி-யில் ஒன்று. இதில் எதைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். பட்டியலில் இருக்கும் ஒன்றைக் காட்டிய பிறகும் "இது போதாது, சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கொண்டுவா" என்று அலுவலகம் வற்புறுத்தினால் சட்டப்படி அது தவறு. நம்மவர்கள் கேட்டதையெல்லாம் எடுத்து நீட்டிவிடுகிறோம், அதனால்தான் சொல்கிறேன். ஜே-1 ஆட்களுக்கு பாஸ்போர்ட், ஐ-94, டிஎஸ்-2019 மூன்றும் சேர்ந்து ஏ பட்டியலின் ஒரே ஆவணமாகிவிடும். பாஸ்போர்ட்டும் டிஎஸ்-2019-உம் அசலாக இருக்கணும், நகல் ஆகாது. ஐ-94 விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013 முதல் மின்பதிவுதான். எல்லைக் காவல் துறையின் தளத்தில் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். அதை எடுத்தவுடன் பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள்.

பெயர் என்றதும், நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல் வைத்துப் பழகிய நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், கிவன் நேம் கட்டத்தில் செந்தில்குமார் என்று மட்டும் இருக்கும். விசா அச்சிடும்போது செந்தில்குமார் குடும்பப்பெயர் கட்டத்துக்குத் தாவிவிடுவார், முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து அப்படியே சம்பளப் பிரிவுக்கும், மின்னஞ்சல் முகவரிக்கும், அடையாள அட்டைக்கும் போய்ச் சேரும். என் கட்டிடத்தில் ஒருவருடைய அறைக் கதவில் எஃப்என்யூ என்று பெயர்ப்பலகையே மாட்டியிருந்தார்கள். "யார் சார் இந்த ஃப்னூ?" என்று ஒரு சீன நண்பர் என்னிடம் வந்து கேட்டார். சிரிக்கலாம்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு பெயர், வங்கியில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். முடிந்தால் டிஎஸ்-2019 வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பி மறுபடி வாங்கிவிடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டால் ஊரில் எல்லோரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது வேறு கதை.

சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் வராமலே வேலையைத் தொடங்கலாம், விண்ணப்பித்திருந்தால் போதும். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்த் தலையைக் காட்டி, வந்து சேர்ந்ததை அவர்கள் அரசின் சீவிஸ் பதிவில் ஏற்றியாகணும். நிகழ்ச்சித் தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அது நடக்கவில்லையென்றால் உங்கள் விசா நிலையே ஆட்டம் காணும்.

இனி சத்தமில்லாத தாள்கள். சம்பளத்தில் ஃபைக்கா என்று ஒரு பிடித்தம் உண்டு. சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45, ஆகமொத்தம் 7.65. ஜே-1 ஆராய்ச்சியாளர் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக இருக்கும்வரை இதைக் கட்ட வேண்டாம். அந்தச் சலுகை இரண்டு ஆண்டுக்கு. அந்த ஆண்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். வந்த நாளிலிருந்து 24 மாதம் என்று கணக்கில்லை, காலண்டர் ஆண்டுதான் கணக்கு. ஒருவர் 2024 டிசம்பர் 28 அன்று வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலு நாளுக்காக 2024 முழு ஆண்டாகக் கழிந்துவிடும். 2025 இரண்டாவது. 2026 ஜனவரி முதல் அவருக்குப் பிடித்தம் உண்டு. அதே ஆள் ஊரில் புத்தாண்டைக் கொண்டாடிவிட்டு 2025 ஜனவரி 3 அன்று வந்திருந்தால் 2025, 2026 இரண்டும் அவருடையவை. சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலர் என்றால் ஒரு ஆண்டின் ஃபைக்கா 4,590 டாலர். டிசம்பர் கடைசியில் சேரச் சொல்லி வேலைக்கடிதம் வந்தால், ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று பேராசிரியரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

இந்தப் பணம் ஓய்வுக்காலத்தில் திரும்பி வருமே என்பார்கள். அந்த ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 40 கிரெடிட், அதாவது குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இந்தக் காலத்தைக் கூட்டிச் சேர்க்கும் ஒப்பந்தமும் இல்லை. மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்குப் போனது போனதுதான். எச்-1பி ஆட்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது, முதல் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். விலக்கு இருந்தும் தவறுதலாகப் பிடித்துவிட்டால் முதலில் சம்பளப் பிரிவிடம் திரும்பக் கேட்கணும். அவர்கள் கைவிரித்தால் வரித்துறைக்குப் படிவம் 843.

வருமான வரிக்கு வேறு கணக்கு. 1989-இல் கையெழுத்தான இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு, கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ பல்கலைக்கழகத்துக்கு வருகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை மத்திய வருமான வரியிலிருந்து விலக்கு தருகிறது. வருவதற்கு முன் நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்திருக்கணும். அங்கேயே பிஎச்டி முடித்தவருக்கு ஒத்துவராது. சம்பளப் பிரிவு இதைத் தானாகச் செய்யாது. படிவம் 8233-ஐ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் பேசுவதோ இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வருகையைப் பற்றி. நியமனமே மூன்று ஆண்டு என்றால் வரிப்பிரிவில் விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தைக் கண்டுகொள்வதில்லை, மாநில வரி தனியாகப் போகும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒன்றே ஒன்று. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் சேர்ந்ததிலிருந்து 30 அல்லது 31 நாள்தான் தருவார்கள். விட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை காத்திருக்கணும். காப்பீடு அடுத்த மாதம் முதல் தேதிக்குத்தான் தொடங்கும் என்றால், இடைப்பட்ட நாட்களுக்குத் தனியாக வாங்கியாகணும், ஏனென்றால் ஜே-1 விதி ஒரு நாள்கூட இடைவெளியை அனுமதிப்பதில்லை.

அப்புறம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் காப்புரிமைத் தாள். இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 1988-இல் மார்க் ஹோலட்னி என்ற ஆராய்ச்சியாளர் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில், தன் கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தர "சம்மதிக்கிறேன்" என்று இருந்தது. பிறகு பிசிஆர் கற்றுக்கொள்ள சீட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கே வருகையாளர் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் "இதன்மூலம் தருகிறேன்" என்று இருந்தது. ரத்தத்தில் எச்ஐவி வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அவர் வேலையிலிருந்து வந்தது. சீட்டஸின் பிசிஆர் தொழிலை ரோஷ் வாங்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்ட் வழக்குப் போட்டது. தருகிறேன் என்பது கொடுத்துவிட்டது, தரச் சம்மதிக்கிறேன் என்பது வெறும் வாக்குறுதி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதற்காக உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது என்று 2011 ஜூனில் உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் தங்கள் தாளின் வினைச்சொல்லைத் திருத்திக்கொண்டன. நீங்கள் இந்தியாவில் தொடங்கிவைத்த கண்டுபிடிப்பு ஏதாவது இருந்தால், முந்தையவற்றைக் குறிப்பிடும் இடத்தில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி இடமே இல்லையென்றால், தனியாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கடைசியாகப் பயிற்சிகள். ஆன்லைனில் வரிசையாக வரும்; எல்லோரும் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பலவற்றுக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். வேதியியல், உயிரியல் ஆய்வகத்துக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி மட்டும் அப்படியில்லை.

ஷெரி சங்ஜி 23 வயதில், 2008 அக்டோபரில், யூசிஎல்ஏ-வில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். டிசம்பர் 29 அன்று டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை ஊசியில் உறிஞ்சி எடுக்கும்போது குழல் கழன்றது. காற்றுப் பட்டாலே பற்றும் திரவம் அது. ஆய்வக அங்கி போடவில்லை; செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனார். விசாரித்த மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை, பயிற்சி கொடுத்ததற்குப் பதிவே இல்லை என்பதையும், அக்டோபரில் நடந்த சோதனையில் கண்ட குறைகளைத் திருத்தவில்லை என்பதையும் எழுதி, 31,875 டாலர் அபராதம் போட்டது. பிறகு பேராசிரியர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் குற்றவியல் வழக்கே வந்தது. அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதால்தான் அந்தத் துறையால் உள்ளே வர முடிந்தது. மாணவியாக இருந்திருந்தால் அந்தச் சட்டம் அவரைத் தொட்டிருக்காது.

போஸ்ட்டாக்கும் பெரும்பாலும் ஊழியர்தான். ஆன்லைன் சான்றிதழ் பொதுவானது. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பொருட்களுக்கும் கருவிகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அதைக் கொடுத்தவரும் நீங்களும் தேதி போட்டுக் கையெழுத்திட்ட பதிவு இருக்க வேண்டும். முதல் சோதனைக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், பயிற்சி முடிந்ததும் தொடங்குகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.