டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல்: எது எப்படிக் காய்கிறது?

பெயின்ட் கடையில் "டிஸ்டெம்பரா, எமல்ஷனா, எனாமலா?" என்று கேட்டால் நம்மில் பலர் விலையைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். இவை வெறும் தரவரிசை இல்லீங்க. வேதியியலே வேறு வேறு.

எந்தப் பெயின்டிலும் நிறத்தூள், அதை ஒட்டவைக்கும் பைண்டர், பூசும் பதத்துக்குக் கொண்டுவரும் தண்ணீர் அல்லது கரைப்பான் என்று மூன்று சரக்கு உண்டு. இது எப்படிக் காய்கிறது என்று கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்ம சுண்ணாம்பு தனி ரகம். தனியாகப் பைண்டர் கிடையாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. டிஸ்டெம்பரில் பெரும்பகுதி சாக்குத்தூள், பைண்டர் கொஞ்சம். அதனால்தான் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது.

எமல்ஷனில் அக்ரிலிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன, பாலில் கொழுப்பு மிதப்பது போல. தண்ணீர் போனதும் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது.

எனாமல் கதை சுவாரசியமானது. டர்பன்டைன் ஆவியானது பாதி வேலைதான். அதன் பிறகு அதிலுள்ள ஆல்கிட் பிசின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அரைகுறையாக மூடிய டப்பாவில் ஏடு கட்டுவது இதனால்தான். நிறத்தூள் இல்லாத எனாமலைக் கிட்டத்தட்ட வார்னிஷ் எனலாம். லேக்கர் அப்படியில்லை. கரைப்பான் ஆவியானால் வேலை முடிந்தது, தின்னர் ஊற்றினால் மறுபடி கரையும்.

இதெல்லாம் சும்மா தெரிந்துகொள்ள மட்டும் இல்லை. பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் காயவும் ஈய உப்புகளைச் சேர்த்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய ஜன்னல், கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

பெயின்டரிடம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்தப் பக்கம் வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். டப்பாவில் 'லோ விஓசி' என்று போட்டிருப்பது காற்றில் கலக்கும் ஆவியைப் பற்றியது, ஈயத்தைப் பற்றியது அல்ல. 'ஈயம் சேர்க்காதது' என்று தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.