எக்ஸ்றேயில் தெரியாத நாரி நோ

"எக்ஸ்றேயில எலும்புக்கு ஒண்டும் இல்லையாம், பிள்ளை. அப்ப நான் நடிக்கிறன் எண்டுதானே மாமி நினைப்பா?"

கிளிநொச்சிப் பக்கக் கிராமம் ஒன்றில் ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கணவர் இல்லை. மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கச்சான் தோட்டத்துக் கூலியில் பார்க்கிறார். ஐந்து கிழமையாகக் குனிய முடியவில்லை, வேலையும் இல்லை.

2009 இல் பட்ட செல் துண்டொன்று அவரது இடுப்புச் சதைக்குள் இன்னும் இருக்கிறது. "அதுதான் குத்துது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவரோடு போனேன். வைத்தியர் எக்ஸ்றேயைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். இருந்தால் கூடுதா, நடந்தால் கூடுதா? இருமினால், தும்மினால்? நோ முழங்காலுக்குக் கீழே இறங்குதா? பிறகு மல்லாந்து படுக்கவிட்டு, காலை மடக்காமல் மெதுவாக உயர்த்தினார். பாதி உயரம் போகுமுன்னே அக்கா "ஐயோ" என்றார். குதிக்காலில் நடக்கவிட்டும், கால் பெருவிரலை அமர்த்தியும் பலம் பார்த்தார். பலம் குறையவில்லை.

இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை உறுத்துகிறது, செல் துண்டு அந்த இடத்துக்குத் தூரத்தில் இருக்கிறது என்றார்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தை போல இருப்பவை இந்தத் தட்டுகள். வெளியே நார் வளையம், நடுவே களி போன்ற பகுதி. எக்ஸ்றேயில் எலும்பு தெரியும், இரும்பு தெரியும், தட்டுத் தெரியாது. வளையம் வெடித்தாலே நாரி நோகலாம், காலுக்கு இறங்க வேண்டுமென்றில்லை. அந்த வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதை நிச்சயமாகக் காட்டும் ஒரு தனிப் பரிசோதனை இல்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தட்டுத் தெரியும். ஆனால் 1994 இல் அமெரிக்காவில் நாரி நோவே இல்லாத 98 பேரை ஸ்கான் செய்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேரில் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. ஆகவே படமும் நீங்கள் சொல்லும் நோவும் பொருந்த வேண்டும். அக்காவுக்கு இப்போதைக்கு ஸ்கான் தேவையில்லை என்றார்கள். இப்படியான நோ பெரும்பாலும் சில கிழமைகளில், சில மாதங்களில் தணியும். படுத்தே கிடக்காமல் இயன்றளவு நடக்கச் சொன்னார்கள்.

சகோதரிகளே, எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். உடலில் செல் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று விசாரிப்பார்களோ எனப் பயந்து மறைப்பவர்களை எனக்குத் தெரியும். கதை சொல்லத் தேவையில்லை. "உடம்பில செல் துண்டு இருக்கு" என்றால் போதும். எடுக்கலாமா, சி.ரி. ஸ்கான் போதுமா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள்.

வெட்கத்தால் மறைப்பது இன்னொன்றும் உண்டு. சிறுநீர் அடைத்தால் அல்லது அறியாமல் போனால், மலம் அடக்க முடியாவிட்டால், பிறப்புறுப்பைச் சுற்றி விறைத்தால், கால் பலமிழந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை இருக்கக்கூடாது. காய்ச்சலோடு நாரி நோ வந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் பிந்தாதீர்கள்.

போன மாதம் அக்காவைக் கண்டேன். கிணற்றடிக்கும் வீட்டுக்கும் சிறிய வாளியோடு நடந்துகொண்டிருந்தார். எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்து, செல் துண்டைத் தொட்டு, "இது இல்லையாம் மாமி, எக்ஸ்றேயில தெரியாத ஒண்டாம்" என்று காட்டினாராம். மாமி அன்றைக்குத் தானே தண்ணீர் அள்ளினாவாம்.