வானுக்குள் தண்ணீர் வந்த வழி

கொழும்பு கொம்பனித்தெருவில், பேர வாவிக்குக் கிட்டிய ஒழுங்கையொன்றில் உள்ள சிறிய கராஜ் அது. வானின் ஆசனங்களைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். கீழே கிடந்த கார்ப்பெட்டைப் பிழிந்தபோது தண்ணீர் வடிந்தது. வானின் சொந்தக்காரர் காணிப் பேர்மிட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி. 2009 இல் முள்ளிவாய்க்காலில் உழவு இயந்திரத்தை விட்டுவிட்டு, இந்தத் தாள்களை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர். அத்தனை இடப்பெயர்விலும் நனையாத பேர்மிட் சொந்த வானின் ஆசனத்துக்கடியில் நனைந்துவிட்டது.

"கூரை ஒழுகுது நானா, வெல்டிங் பண்ணித் தாங்கோ" என்றார்.

"அவசரப்படாதீங்க அண்ணன். ஒழுகுதா, வேர்க்குதா எண்டு முதல்ல பார்ப்போம்" என்றார் கராஜ்காரர்.

எம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஈரத்தைக் கண்டவுடன் காசைச் செலவழித்துவிடுகிறோம்.

வாகனம் வேர்ப்பது எப்படி? 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராமைத்தான் தாங்கும். மிச்சம் குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் துளியாகப் படிகிறது. வாகனத்துக்குள் படுத்துறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லீற்றர் அளவு நீரை வெளிவிடுகிறார். நால்வர் படுத்தால் ஒரு லீற்றர். தண்ணீர் தெளித்த கீரைக்கட்டும் சரியாகக் காயாத நெல்லும் இதற்கு மேல்.

வேர்வை என்றால் மழையில்லாத இரவிலும் எல்லாக் கண்ணாடிகளும் உட்புறம் ஒரேமாதிரி நனையும். ஒழுக்கு என்றால் மழைக்குப் பிறகு ஓர் இடந்தான் நனையும். சந்தேகமானால் கார்ப்பெட்டை நன்றாகக் காயவைத்து, ஆளும் சுமையும் இல்லாமல் ஒரு மழையற்ற இரவு பூட்டி வைத்துப் பாருங்கள். காலையில் உள்ளே காய்ந்திருந்தால் அடுத்தது தண்ணீர்ச் சோதனை.

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ரோர்ச் லைற்றோடு உள்ளே இருக்க, மற்றவர் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். கீழிருந்து மேலே போகவேண்டும் என்பதே முக்கியம். மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடமும் வழிந்து, எந்த ஓட்டையால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். முதலில் கதவின் அடி, பிறகு கதவு றப்பர், முன்கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடமாவது நிற்கவேண்டும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளை விரித்து வைத்தால் முதல் துளியே காட்டிக்கொடுக்கும். கதவு றப்பரில் சோக்குத் தூள் பூசிக் கதவை மூடித் திறந்து பாருங்கள். சட்டத்தில் தூள் ஒட்டாத இடத்தில் றப்பர் அழுந்தவில்லை.

அன்று கூரை வரை போகவே தேவைப்படவில்லை. கதவுக் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது வழமைதான். கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் அது வெளியேறிவிடும். இந்த வானில் அத்துளைகளைச் சேறு அடைத்திருந்தது. போதாததற்கு, யாரோ ஸ்பீக்கர் பூட்டியபோது உட்பலகைக்குப் பின்னாலிருந்த பொலித்தீனையும் கிழித்துவிட்டார்கள். தேங்கிய தண்ணீர் அவ்வழியாக உள்ளே வந்தது. ஈர்க்கால் குத்தித் துளைகளைத் திறந்து, புதிய பொலித்தீன் ஒட்டியதோடு வேலை முடிந்தது. கண்ட இடமெல்லாம் சிலிக்கோன் அப்பியிருந்தால் அந்தத் துளைகளும் அடைபட்டிருக்கும்!

வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே சருகு அடைகிறதா என்று பார்க்கவேண்டும். வெயில் நாளில் ஏசி போட்ட பின் முன் ஆசனத்தின் காலடி நனைந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. அந்த ஈரம் பிசுபிசுத்து இனிப்பாய் மணந்து, றேடியேற்றரிலும் தண்ணீர் குறைந்தால் ஹீற்றர் ஒழுகுகிறது. இது கராஜ் வேலை.

கொழும்பில் பழைய வாகனம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியபோது வாகனங்களும் மூழ்கின. ஆசனத் தண்டவாளத்தில் துருவோ கார்ப்பெட்டுக்கடியில் வண்டலோ இருந்தால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வாகனத்தில் படுக்க நேர்ந்தால் எதிரெதிர்க் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். விதைநெல்லை 13 வீத ஈரத்துக்குக் காயவைத்தே ஏற்றுங்கள். மூட்டைகள் தகரத்தில் படாதபடி கீழே பலகைச் சட்டம் போடுங்கள். இரவில் பூட்டிய வாகனத்துக்குள் விடவேண்டாம், முளைதிறன் கெட்டுவிடும். காணிப் பத்திரங்களை வாகனத்தில் வைக்கவே கூடாது. பிரதியொன்றைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து வையுங்கள்.

மாலையாகும்போது பேர்மிட் காய்ந்திருந்தது. முத்திரை கொஞ்சம் கலைந்திருந்தாலும் இலக்கத்தை வாசிக்க முடிந்தது. அவர் அதை இரண்டு பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.