பனிக்காலத்தில் மானுக்கு உணவு

நம் நாட்டின் வடகோடியில் இருக்கிறது காஷ்மீர். அங்கே ஸ்ரீநகர் என்ற பெரிய நகரம் உள்ளது. அங்கிருந்து 22 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு காடு. அதன் பெயர் தச்சிகாம். 'பத்து ஊர்' என்று பொருள். முன்பு அங்கே ஊர்கள் இருந்தன. காட்டைக் காப்பதற்காக அந்த ஊர் மக்கள் வேறு இடத்துக்குப் போனார்கள்.

காட்டை ஏன் காக்க வேண்டும்? அந்தக் காட்டில் ஓடும் நீர்தான் ஸ்ரீநகர் மக்களுக்குக் குடிநீர். ஆகவே 1910-ஆம் ஆண்டிலேயே காஷ்மீர் மன்னர் இந்தக் காட்டுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். 1981-இல் இது தேசியப் பூங்கா ஆனது. இதன் பரப்பு 141 சதுர கிலோமீட்டர்.

குடிநீருக்காகக் காத்த காடு இன்னொரு உயிரையும் காத்தது. அதுதான் ஹங்குல் மான்.

ஹங்குல் என்ற மான்

ஹங்குல் பெரிய மான். நம் ஊர்ப் பக்கத்துப் புள்ளிமானைவிட மிகவும் பெரியது. ஆண் மானுக்கு மட்டும் கொம்பு உண்டு. கொம்பு கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொம்பு விழுந்துவிடும். பிறகு புதுக் கொம்பு முளைக்கும்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் 3,000-க்கும் மேற்பட்ட ஹங்குல்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1970 வாக்கில் 200-க்கும் கீழே வந்துவிட்டன. வேட்டை ஒரு காரணம். காடு சுருங்கியது இன்னொரு காரணம். மான் மேயும் இடத்தில் ஆடு மாடுகள் மேய்ந்ததும் ஒரு காரணம்.

2021-இல் எண்ணிப் பார்த்தார்கள். 261 என்று கணக்கு வந்தது. நாடு முழுவதும் தேடினாலும் சில நூறு மான்கள்தான். ஒரு சிற்றூரின் மக்கள்தொகைகூட அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு மானும் முக்கியம். ஒவ்வொரு குட்டியும் முக்கியம்.

நாற்பது நாள் கடுங்குளிர்

கோடையில் ஹங்குலுக்குக் கவலை இல்லை. மலை உச்சியில் பசும்புல் இருக்கும். மான்கள் மேலே ஏறிப் போய் மேயும். இலையுதிர் காலத்தில் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

பிறகு குளிர்காலம் வருகிறது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் மிகக் கடுமையானவை. காஷ்மீர் மக்கள் இதைச் 'சில்லை கலான்' என்பார்கள். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஏரிகூட ஓரங்களில் உறையும்.

மலை மேல் பனி மூடிவிடும். அப்போது மான்கள் கீழே இறங்கி வருகின்றன. கீழ்ப் பள்ளத்தாக்கிலும் பனிதான். ஆனால் ஆழம் குறைவு. புல் பனிக்கடியில் போய்விடும். மரங்களில் இலை இராது. அப்போது மான் எதைத் தின்னும்?

மரப்பட்டை, மொட்டு, மெல்லிய குச்சி, உதிர்ந்த இலை, கொட்டை. இவைதான் உணவு. காஷ்மீரில் 'ஹான்' என்று ஒரு மரம் உண்டு. அதன் கொட்டை மனிதருக்குக் கசக்கும். மான் விரும்பித் தின்னும். அதனால்தான் 'ஹங்குல்' என்ற பெயரே வந்தது என்று சொல்வதும் உண்டு.

பெண் மானுக்கு இந்தக் காலம் இன்னும் கடினம். அது செப்டம்பர், அக்டோபரில் சினைப்படும். மே மாதம் வாக்கில் குட்டி போடும். அதாவது, குளிர்காலம் முழுவதும் அதன் வயிற்றில் குட்டி வளர்கிறது. தாய் பட்டினி கிடந்தால் குட்டி நலிந்து பிறக்கும். நலிந்த குட்டி பிழைப்பது அரிது.

தீவனம் போட்டால் என்ன?

'பாவம், மான் பசியாக இருக்கிறது. தானியம் கொண்டுபோய்க் கொட்டலாமே!' என்று தோன்றும். நல்ல மனசுதான். ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். ஆடு திடீரென்று நிறைய அரிசியோ சோறோ தின்றுவிட்டால் என்ன ஆகும்? வயிறு உப்பும். அசைபோடாது. சில வேளை செத்தும் போகும்.

மானும் ஆட்டைப் போல அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. அவைதான் உணவைச் செரிக்கச் செய்கின்றன. குளிர்காலத்தில் அவை குச்சிக்கும் பட்டைக்கும் பழகியிருக்கும். திடீரென்று தானியம் போனால் வயிற்றில் புளிப்பு ஏறும். வயிறு நிறைந்தும் மான் சாகும்.

வேறு ஆபத்துகளும் உண்டு. ஒரே இடத்தில் தீவனம் போட்டால் மான்கள் கூட்டமாகக் கூடும். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றும். வலிய மான் தின்னும். இளைத்த மான் ஓரத்தில் நிற்கும். சிறுத்தைக்கும் மான்கள் கூடும் இடம் தெரிந்துவிடும். மனிதர் கையிலிருந்து உணவு வந்தால் மானுக்கு மனிதரிடம் பயம் போய்விடும். அது வேட்டைக்காரருக்கு வசதி.

ஆகவே தீவனம் என்பது மிகப் பெரிய பனிப்பொழிவில் கொடுக்கும் அவசர உதவி மட்டுமே. அப்போதும் அதை வனத்துறையினர்தான் அறிந்து செய்ய வேண்டும். நிரந்தர வழி வேறு இருக்கிறது. காட்டையே களஞ்சியமாக வைத்திருப்பதுதான் அந்த வழி.

காடே களஞ்சியம்

அதை எப்படிச் செய்வது?

ஒன்று: பல வகை மரங்கள் வேண்டும். ஓக் மரத்தின் கொட்டை மானுக்கு நல்ல உணவு. ஆனால் அது ஓர் ஆண்டு நிறையக் காய்க்கும். மறு ஆண்டு ஏமாற்றிவிடும். கரடியும் பங்குக்கு வரும். எனவே ஓக் மட்டும் போதாது. ஹான், முசுக்கட்டை, வில்லோ, காட்டுப் பழ மரங்கள் எல்லாம் கலந்து இருக்க வேண்டும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

இரண்டு: சில மரங்களை வெட்டித் துளிர்க்கவிட வேண்டும். முருங்கையை வெட்டினால் என்ன ஆகிறது? நாலு பக்கமும் துளிர்க்கிறது. முசுக்கட்டையும் அப்படித்தான். வில்லோவும் அப்படித்தான். கிரிக்கெட் மட்டை செய்வதும் வில்லோ மரத்தில்தான். மரம் உயரமாக வளர்ந்துவிட்டால் கிளை மானுக்கு எட்டாது. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரைதான் அதன் வாய் எட்டும். அடியோடு சேர்த்து வெட்டினால் கீழிருந்து இளங்குச்சிகள் கிளம்பும்.

குளிர்காலத்தில் வெட்டினால் இரண்டு பலன். விழுந்த கிளையில் உள்ள மொட்டையும் பட்டையையும் மான் அப்போதே தின்னும். வசந்தத்தில் வரும் துளிர் அடுத்த குளிர்காலத்துக்கு உணவாகும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டக் கூடாது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டும் வெட்ட வேண்டும். தேசியப் பூங்காவில் வனத்துறை திட்டமிட்டுச் செய்தால்தான் இது சரி. யாரும் தாமாக வெட்டினால் குற்றம்.

மூன்று: இளங்கன்றுகளுக்கு வேலி வேண்டும். நட்ட கன்றை அதே ஆண்டு மான் தின்றுவிட்டால் மரம் வராது. கன்று மானுக்கு எட்டாத உயரம் வரும்வரை காக்க வேண்டும். ஓக் மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இன்று நடுபவர் தம் பேரப்பிள்ளைகள் காலத்து மானுக்கு நடுகிறார்.

நான்கு: ஒதுங்க இடம் வேண்டும். ஊசியிலை மரங்கள் குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும். அவை பனியைத் தாங்கிக்கொள்ளும். அடியில் தரையில் பனி குறைவாக இருக்கும். காற்றும் தடுக்கப்படும். தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் படும். அங்கே பனி முதலில் உருகும். இந்த இடங்களில் மானைத் தொந்தரவு செய்யக் கூடாது. பயந்து ஓடும் மான் சேர்த்து வைத்த கொழுப்பை வீணாக்கும். ஓடிய களைப்பே அதைக் கொன்றுவிடலாம்.

மக்களுக்கும் குளிர் உண்டு

மானுக்கு மட்டும்தானா குளிர்? மக்களுக்கும் குளிர்தான். காஷ்மீரில் 'காங்ரி' என்று ஒரு நெருப்புச் சட்டி உண்டு. மண் சட்டியைச் சுற்றிக் கூடை பின்னியிருக்கும். அதில் கரித்துண்டைப் போட்டு, அங்கிக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள். கரிக்கு விறகு வேண்டும். மாட்டுக்கும் தீவனம் வேண்டும். எல்லாம் எங்கிருந்து வரும்?

மக்கள் காட்டில் கை வைத்தால் மானின் சோறு போகும். மக்களைத் தடுத்தால் அவர்கள் வீட்டு அடுப்பு அணையும். இரண்டும் கூடாது. காட்டுக்கு வெளியே, ஓடைக்கரையிலும் வயல் ஓரத்திலும் வில்லோ வளர்க்கலாம். விறகும் கிடைக்கும். தழையும் கிடைக்கும். கோடையிலேயே புல்லை அறுத்துக் காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் காஷ்மீர் விவசாயிகளிடம் உண்டு. அந்தத் தீவனம் போதுமான அளவு இருந்தால் மாடு காட்டுக்குப் போகாது.

காடு நன்றாக இருந்தால் மானுக்குச் சோறு. ஓடையில் தண்ணீர். ஸ்ரீநகரில் ஒரு வீட்டில் குழாயைத் திறக்கும் பெண்ணுக்கும், பனியில் குச்சியைக் கடிக்கும் மானுக்கும் அந்த ஒரே காடுதான் கொடுக்கிறது.

யோசித்துப் பாருங்கள்

1. மானுக்குத் திடீரென்று தானியம் போட்டால் என்ன ஆகும்?
2. மரத்தை வெட்டித் துளிர்க்கவிடுவதால் மானுக்கு என்ன நன்மை?
3. குளிர்காலப் பட்டினி பிறக்கப்போகும் குட்டியை எப்படிப் பாதிக்கும்?
4. உங்கள் ஊரில் வெட்டினால் துளிர்க்கும் மரங்கள் எவை? அவற்றின் தழையை எந்த விலங்கு தின்னும்?